பச்சை கலக்காத பெயிண்டர்

பெயிண்டர் எந்த நிறத்தையும் கலப்பான், பச்சையைத் தவிர. வீட்டுக்காரர் பச்சைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றால், வாளியை மச்சான் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். புதிதாய் வேலைக்கு வந்தவர்கள் காரணம் கேட்பார்கள்.

"அவனுக்கு அந்தக் கலர் ஒத்துக்காதுப்பா. மூக்குல தண்ணியா கொட்டும்," என்பான் மச்சான்.

மச்சான், பெயிண்டர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஆள். அவனே இந்த ஒரு விஷயத்தில் பொய்தான் சொல்லி வந்தான்.

விஷயம் இதுதான். பெயிண்டருக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள். மாதம் நிறையுமுன் அவசரப்பட்டு வந்துவிட்டவள். உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலுமாய் அடங்கிவிடுவாள். தாய்க்கு விடாத காய்ச்சல், பால் ஊறவில்லை. டின் பால் கொடுத்தார்கள். வாயால் உறிஞ்சத் தெரியாத பிள்ளை, அதனால் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் மெல்லிய குழாய். அடுத்த வேளைப் பால் விடுமுன் சிஸ்டர் அந்தக் குழாயில் சிரிஞ்சை மாட்டி மெதுவாய் இழுத்துப் பார்ப்பார், போன வேளைப் பால் செரித்ததா என்று. ஒன்றும் வராவிட்டால் நல்லது. கொஞ்சம் வெள்ளையாய் வந்தாலும் பாதகமில்லை. ஒரு மத்தியானம் பச்சையாய் வந்தது. பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி. வயிறு உப்பித் தோல் பளபளத்தது. குடல் அழுகிவிட்டது என்றார்கள். பெயர் வைப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

டின் பால் குடித்த பிள்ளைக்கெல்லாம் இப்படி ஆவதில்லை, தாய்ப்பால் குடித்ததிலும் ஒன்றிரண்டுக்கு ஆகும், ஆனால் குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடைத்தால் ஆபத்து குறைவு என்று டாக்டர் பொறுமையாய்ச் சொன்னார். பெயிண்டர் தலையை ஆட்டினான். மனசு கேட்டால்தானே.

இன்னொன்றும் இருந்தது. அந்த வார்டுச் சுவரின் பச்சை அவன் கையால் கலந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த வேலை. கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருக்கட்டும் என்று அவனேதான் அந்தப் பச்சையைச் சொன்னான். அவன் பிள்ளை செத்தது அந்தச் சுவர் ஓரம்.

அதற்குப் பிறகு பச்சை அவனை விடவில்லை. பஸ்ஸில் வந்தது, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் வந்தது. யாராவது பச்சைப்பிள்ளை என்று பேச்சுவாக்கில் சொன்னால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை இல்லாமல் யார்தான் பேசுகிறார்கள்?

வருஷம் போனது. மனைவி மறுபடி உண்டானாள். மறுபடி மாதம் நிறையவில்லை. இந்தத் தடவை பையன். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. கண்ணாடிப் பெட்டியை ஜன்னல் ஓரம், சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு இருந்த சிஸ்டர் இன்னும் இருந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. பெயிண்டரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அம்மா பால் ஒரு சொட்டு கிடைச்சாலும் கொண்டு வாங்க தம்பி," என்று மட்டும் சொன்னார்.

மனைவி ஆபரேஷன் ஆன உடம்பு, எழுந்து உட்காரவே பல்லைக் கடிக்க வேண்டும். கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்த அளவுக்குக்கூடப் பால் வரவில்லை. கடைசியில் மஞ்சளாய், பிசினாய் ஒரு துளி. அதைச் சின்ன சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தாள். பெயிண்டர் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தாழ்வாரம் முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்தான். எதிரே மச்சான், கையில் பவுடர் டின்னோடு.

"மாப்ளே, பிள்ளை பசியில கிடக்கு. நீ சொட்டு சொட்டா கொண்டு போறியே, கண்ணுக்கு மருந்தா விடப்போற?"

"அந்த டின்னைத் திருப்பிக் கொடுத்துட்டு வா மச்சான்."

"நான் என்ன வெஷமா கொண்டு வந்தேன்?"

பெயிண்டர் நடையை நிறுத்தவில்லை. மச்சான் டின்னைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். அவனும் அந்த முதல் பிள்ளையைப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

சிஸ்டர் அந்தத் துளியைப் பையனின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினார்.

"இது பசிக்கு இல்ல தம்பி. பசிக்கு ஊசி வழியா சத்து போயிட்டிருக்கு. குடல் இன்னும் வேலை கத்துக்கல. உள்சுவரு நெருக்கமா சேரல, அங்கங்க இடுக்கு. கண்ட கிருமியும் பூந்துடும். இந்தப் பால்தான் போய் இடுக்கை அடைக்கும், குடலை வளர்க்கும், நல்ல கிருமியைக் குடி வைக்கும்."

"பிரைமர் மாதிரி."

"என்ன மாதிரி?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

அடிப்பூச்சாய்ப் பிரைமர் அடிக்காத சுவரில் என்ன பூசினாலும் ஒருநாள் உப்பிக்கொண்டு வரும். அது அவனுக்குத் தெரியும். முதல் பெண்ணின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. சுவரைப் பார்க்காமல் நின்றான்.

துளி சொட்டாகி, சொட்டு மூடியளவு ஆனது. குழாயில் பால் விட ஆரம்பித்தார்கள். பையன் தாங்குகிறானா என்பதுதான் இனி எல்லாம். ஆனால் அவன் இன்னும் வெளிக்குப் போகவில்லை. குடல் அசைந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

ஒரு மத்தியானம் பெயிண்டர் பெட்டி அருகே நின்றிருந்தான். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. சிஸ்டர் சிரிஞ்சை மாட்டி இழுத்தார். கொஞ்சம் வந்தது. பச்சை.

அவன் சிஸ்டரின் கையைப் பிடித்துவிட்டான். "விடாதீங்க. பால் விடாதீங்க. வந்துருச்சு."

"கையை எடுங்க தம்பி. என்ன வந்துருச்சு?"

அவன் சிரிஞ்சைக் காட்டினான். சிஸ்டர் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு அறையின் மறுபக்கம் போனார். விளக்குக்கு அடியில் வெள்ளைத் துணியின்மேல் பிடித்தார். பால். இளம் மஞ்சள் ஓடிய வெறும் பால்.

"எங்க பச்சை? திரும்பி உங்க செவுத்தைப் பாருங்க."

வெயில் சுவரில் பட்டு, பெட்டி, விரிப்பு, அவன் கை எல்லாவற்றிலும் பச்சை அப்பியிருந்தது. ஒரு சுவரின் நிறம் எதிரில் இருப்பதில் ஏறும் என்பது தூரிகை பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் சங்கதி. அவனுக்கு அது மறந்துபோயிருந்தது. மறந்ததைவிட மோசமானது பிறகுதான் நினைவில் ஏறியது.

"அப்ப பொண்ணுக்கு அன்னிக்கு வந்ததும்..." என்றான்.

சிஸ்டருக்குப் புரிந்தது.

"இல்ல. அன்னிக்கு வயித்தைத் தொட்டுப் பாத்தோம், படம் எடுத்தும் பாத்தோம். அது செவுரு இல்ல தம்பி."

அவன் தலையை ஆட்டினான். முன்பு டாக்டரிடம் ஆட்டியது போலவே.

மறுநாள் காலை அவன் போனபோது சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் மடித்த துணி. பிரித்துக் காட்டினார். கரும்பச்சை, தார் மாதிரி. பெயிண்டர் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க. மேல வர்ற பச்சைதான் ஆகாது. இது கீழ போற பச்சை. அம்மா வயித்துல இருக்கையிலேயே சேர்ந்தது. உங்க பையன் குடல் வழி விட்டுருச்சு."

பின்னால் வந்த மச்சான் எட்டிப் பார்த்தான். "மாப்ளே, உன் பிள்ளை உன்னை மாதிரி இல்ல. முதல் கோட்டே பச்சைதான் அடிச்சிருக்கான்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பெயிண்டர் உட்கார்ந்து முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டான்.

பால் கூடக்கூடப் பையனுக்கு வெளிக்கு மஞ்சளாய்ப் போனது. எடை ஏறியது, வீட்டுக்கு வந்தான். பழுதுபார்க்க வார்டைக் காலி செய்தபோது பெயிண்டர் போய்க் கேட்டு அந்த வேலையை வாங்கினான். சுவர் முழுக்க வெள்ளை.

"இங்க பச்சை தெரியுதா மச்சான்?"

"எங்க? பால் மாதிரி இருக்கு."

இன்னொரு கோட்டு அடித்தான். மச்சான் ஏணியை மடக்கிய பிறகும் ஜன்னல் ஓரத்தில் மட்டும் மறுபடி அடித்தான்.

இப்போது பையன் தவழ்கிறான். குடித்த பாலைத் தோளில் கக்கினால் பெயிண்டர் துண்டை உருவிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவான். வெளிச்சத்தில் விரித்து, சாய்த்து, திருப்பிப் பார்ப்பான். மனைவி இத்தனை நாளாய் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. நேற்று அவன் துண்டுக்குக் கை நீட்டுமுன் சொன்னாள்.

"நான் பாத்துட்டேங்க. வெள்ளைதான்."