உகுலேலேயில் தூண்டில் நைலான்

குட்டி கிட்டார் போன்ற என் உகுலேலேவுக்குப் புது நரம்பு மாட்டி மீட்டினேன். விரல் வழுக்கியது. இரண்டு நாள் வாசித்தால் கைக்குப் பழகிவிடும். சித்தப்பாவுக்கு மட்டும் எந்த நரம்பும் பழகியதில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் மலாக்கா பக்கம் தஞ்சோங் கிளிங்கில் இருந்தோம். மாலையானால் சித்தப்பா தலையில் எண்ணெய் வழிய, உகுலேலேயோடு வாசலில் உட்காருவார். ஜாலானே, அந்தத் தெரு முழுக்கத் தனக்காகக் காத்திருப்பதாக நினைப்பு. ஒருநாள் நரம்பு அறுந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மீன்வாடை போகாத தூண்டில் நைலானை வெட்டிக் கட்டினார். தடித்த நைலான், அழுத்தினால் விரலை அறுத்தது. நாலு தட்டுத் தட்டிவிட்டு, "சாமானே கெட்டுப்போச்சுலா" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

விரல் காய்த்துப்போகும்வரை நான் விடவில்லை. ஒரு வாரத்தில் முழுப்பாட்டு வாசித்தேன். உள்ளேயிருந்து ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தியா? நான் வாசிச்சு வாசிச்சுத்தான் இது பதமாச்சு!"

"என்னம்மா யோசன? இங்க கொடு" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தேன்.

சோபாவிலிருந்து அதே சித்தப்பா இப்போது கை நீட்டினார். கொடுத்தேன். நாலே தட்டு. முகத்தைச் சுளித்தார்.

"ஸ்ட்ரிங் சரியில்லலா. வழுக்குது."

பாவம், அவர் விரல்களைத் தவிர உலகத்தில் எல்லாமே கெட்டுப்போய்விட்டது.