புன்னைத்துறைக் கோயில் கார்டு

ஜெபசீலனுக்குப் போட்டோ எடுப்பது தொழில். படம் போட்ட சீமைத் தபால் கார்டு பார்ப்பது பைத்தியம். தக்கலையில் ஓலைக்கூரை போட்ட அவருடைய ஸ்டுடியோவில், சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி கொடுத்த ஒரு கட்டு கார்டு இருந்தது. விடுமுறைக்குப் போன அவளுடைய சிநேகிதிகள் அங்கங்கிருந்து அனுப்பியவை. கடலோரக் கிராமம், பாறைமேல் கோட்டை, மரங்களுக்கு நடுவே கோயில். ஒன்றில் ஓட்டல் சன்னலின்மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, 'இதுதான் என் அறை' என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நம்முடைய கடற்கரைக்கு மட்டும் என்ன குறைச்சல்? அதுவும் கார்டில் ஏற வேண்டும், தபாலில் ஊர் ஊராகப் போக வேண்டும். 1931-இல் இந்த ஆசை முற்றிப்போய், மெட்ராசிலிருந்து படம் அச்சுப் போடுகிற கார்டுத் தாளே வரவழைத்துவிட்டார். கன்னியாகுமரியில் சங்குக்கடை வைத்திருந்த தங்கப்பன், யாத்திரைக்கு வருகிறவர்களிடம் விற்றுத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"சீமைக் கார்டு மாதிரி சுத்தமா இருக்கணும் பாத்துக்கிடும். ஆளு ஒண்ணும் நிக்கப்படாது."

வீட்டில் மனைவி ஞானபாய்க்கு இதெல்லாம் வேடிக்கை. "ஊரு முழுக்க எல்லாரையும் படம் எடுக்கிய. ஒரு படத்துலயாவது நீங்க இருக்கியளா?" என்பாள்.

"எடுக்கியவன் எப்பிடி ஏட்டி படத்துல வருவான்?"

வட்டக்கோட்டையில் ஒரு தொல்லையும் இல்லை. கோட்டை, கடல், வானம். ஒரு ஆடுகூடக் குறுக்கே வரவில்லை. சீமைக் கார்டு தோற்றது என்று துள்ளிக்கொண்டு வந்தார். அடுத்தது கோயில். குளச்சலுக்கு மேற்கே புன்னைத்துறையில், உச்சியில் சிலுவையோடு, வெள்ளையடித்த சின்னக் கோயில் ஒன்று கடலைப் பார்த்து நிற்கும். முன்னால் மணலில் கட்டுமரங்கள் ஏற்றிக் கிடக்கும். அங்கேதான் வந்தது வினை.

விடியலில் போனால் கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற கூட்டம். உச்சி வெயிலில் போனால் பிள்ளைகள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கும்போது காலியாக இருக்கிற முற்றத்தில், கண்ணாடித் தகட்டைச் செருகுவதற்குள் யாராவது முளைத்து நிற்பார்கள். கெஞ்சிப் பார்த்தார். மீன் விற்கிற கித்தேரியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"நாங்க பிடிச்ச மீனுலயில்லா இந்தக் கோயிலு நிக்கி. எங்கள வெரட்டிட்டு எடுத்தா, இது ஆருக்க கோயிலுன்னு எப்பிடிவேய் தெரியும்?"

இவளோடு பேசி ஆகாது என்று பங்குச்சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்தே விட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் கோயில் முற்றத்துக்கு ஒருத்தரும் வரக்கூடாது.

அவ்வளவுதான். அதுவரைக்கும் பாதி ஊருக்கு விஷயமே தெரியாது. வரக்கூடாத அளவுக்கு அங்கே அப்படி என்னதான் நடக்கப்போகிறது என்று பார்க்க, திங்கட்கிழமை முழு ஊரும் திரண்டுவிட்டது. திருவிழாச் சேலை, எண்ணெய் வழியச் சீவிய தலை, பக்கத்து ஊர் விருந்தாளிகள் வேறு. நட்ட நடுவில், சலவை அங்கியோடு சாமியார்!

ஜெபசீலனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு தகடு. முதுகுக்குப் பின்னால் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிட்டது. தகட்டைச் செருகி, பின்வெயில் உள்ளே கசியாதபடி கறுப்புத் துணியைப் பெட்டியோடு சேர்த்துத் தன் தலைக்கும் மூடிக்கொண்டார்.

"சரி, அசையாம நில்லுங்க மக்கா!"

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அச்சுப் போட்ட கார்டைத் தங்கப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோயிலு எங்கவேய்? திருநாக் கூட்டமில்லா நிக்கி. கீழ மணலுல இது என்ன, பேயா?"

பேயில்லை, நிழல். மூன்று கால் பெட்டியும், அதன் பின்னால் துணி மூடிக் குனிந்த ஒரு ஆளும் மணலில் நீளமாக விழுந்திருந்தார்கள். தங்கப்பன் கோட்டைக் கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஜெபசீலனுக்கு மனசு ஒடிந்துபோயிற்று. கோயிலும் போச்சு, கார்டும் போச்சு.

நின்றவர்களுக்காவது கொடுப்போம் என்று கட்டைத் தூக்கிக்கொண்டு புன்னைத்துறைக்குப் போனார். வெட்கத்தை மறைக்க, அந்தச் சீமைச் சன்னல் கதையையும் சொன்னார். கித்தேரியம்மாள் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் தலைக்கு மேலே பெருக்கல் குறி ஒன்று இழுத்தாள். அவள் புருஷனுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை.

"இது நான்தான், மெலிஞ்சிட்டேன்னு நெனைக்காண்டாம்னு எழுதி கொழும்புக்கு விடும்."

அப்புறம் பேனா அவர் கைக்குத் திரும்பவில்லை. ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு குறி. ஒருவர் தன்னை விட்டுவிட்டுத் தன் கட்டுமரத்தின்மேல் போட்டார். கொண்டுபோன கட்டு தீர்ந்து, மறுபடி அச்சுப் போட்டார், அதுவும் தீர்ந்தது. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் புன்னைத்துறைக் கோயில் கப்பலேறிப் போனது. அடுத்த வருஷங்களில், "எங்க கோயிலையும் ஆளோட எடுக்கணும்" என்று ஒவ்வொரு கடற்கரையாகக் கூப்பிட்டார்கள். தங்கப்பன் கடையில் கோட்டைக் கார்டு மஞ்சள் பூத்துக் கிடந்தது.

பேனா கைமாறிய அந்த முதல் நாளில், கட்டின் கடைசிக் கார்டு ஒன்று அவர் கையில் மிஞ்சியிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, மணலில் கிடந்த நிழலின் தலைமேல் ஒரு குறி போட்டார் ஜெபசீலன். பின்பக்கம் 'இது நான்' என்று எழுதி, குளச்சல் தபாலில் சொந்த வீட்டு விலாசத்துக்கே அனுப்பினார்.

கார்டு வந்த அன்று ஞானபாய் அதை வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியும்விட்டது.

"அந்தக் கறுப்புத் துணிய எடுத்திட்டு நிக்கப்படாதா?" என்றாள்.

சாயங்காலத்துக்குள், அந்த நிழலைப் பார்க்காத வீடு அந்தத் தெருவில் இல்லை.