வால்வு சூடாகும் அரை நிமிடம்

ப்ளக்கை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் டிவி ரிப்பேர் பார்த்தார். அவர் பெட்டிக்குள் கை விடுமுன், சுவரிலிருந்து பிடுங்கிய ப்ளக் என் சேலைக் கொசுவத்துக்குள் போய்விடும். வேலை முடியும்வரை கட்டிப்போட்ட ஆடு மாதிரி அந்த ஒயர் நீளத்துக்குள்ளேயே நிற்பேன். கலர் டிவியின் பிக்சர் ட்யூபுக்கு இருபத்தைந்தாயிரம் வோல்ட் போகிறது. விளையாட்டா? இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும் என்று, அவர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பூண்டியிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி ஆள் அனுப்பினார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் ஏலத்தில் விட்ட பழைய வால்வு கலர் செட் அவரிடம் இருந்தது. மூங்கில் உயரத்துக்கு ஆன்டெனா நட்டு இலங்கை டிவி பார்ப்பார்களாம். இப்போது சத்தம் வருகிறது, படம் இல்லை, உள்ளே படபடவென்று வெடிக்கிறது என்றார் வந்த ஆள். நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

இவர் பின்மூடியைக் கழற்றி, ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பிக்சர் ட்யூபின் ரப்பர் மூடியைச் சுற்றி நீலப் பொறி ஓடியது. உடனே ப்ளக் என்னிடம் வந்தது. ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை மூடிக்கு அடியில் நுழைத்து, தேங்கிக் கிடந்த கரண்டை இறக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தால் மூடியின் ஓரமெல்லாம் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கிற மெஷினுக்கும் பொட்டு வைத்திருக்கிறார் வியாபாரி. மலை ஈரம் சந்தனத்தில் இறங்கி, கரண்ட் அதன் வழியே ஓடிவிட்டது. துடைத்தால் சரியாகிவிடும் என்றார் இவர்.

அதற்குள் இலங்கை டிவி தொடங்கும் நேரமாகிவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் நிற்பது வியாபாரிக்கு உறுத்தியிருக்க வேண்டும். உள்ளே போய்க் காபி குடிக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். இவர் என்னைப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினார். பெரிய இடமாம், மரியாதையாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ப்ளக்கை இவர் காலடியில் வைத்துவிட்டுப் போனேன்.

காபியைக் கையில் வாங்கியபோது கூடத்தில் தடாலென்று சத்தம். ஓடிவந்தால் இவர் சுவரோரம் விழுந்து கிடந்தார். வலது கை வெடவெடவென்று ஆடியது. ப்ளக் சுவரில் இருந்தது.

வால்வு செட்டில் ஸ்விட்ச் போட்டதும் படம் வராது. வால்வு சூடாக அரை நிமிடமாவது ஆகும், அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய வோல்டேஜ் ஏறும். பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டு ஒரு மனிதர் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வியாபாரி சத்தமில்லாமல் ப்ளக்கை மாட்டிவிட்டு, முன்னால் போய் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இவரைத் தூக்கி உட்காரவைத்தேன். வியாபாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"செட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் ப்ளக்கைப் பிடுங்கினேன். கருவிப் பையிலிருந்து கட்டரை எடுத்து, ஒயரோடு நறுக்கி, ப்ளக்கை இடுப்பில் செருகிக்கொண்டேன். இவரோ, தரையில் உட்கார்ந்தபடியே, ஐயாவிடம் மன்னிப்புக் கேள் என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

பின்னாலேயே வந்த இவர், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் விடவில்லை.

"இனி அவரு நம்மளக் கூப்பிடவே மாட்டாரு."

"ப்ளக்க மாட்டிட்டு நின்னாருல்ல, அந்த அரை நிமிசத்துல உங்களக் கூப்பிட்டாரா?"

இவர், ஆடிக்கொண்டிருந்த வலது கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.