மாமனார் தந்த இருட்டு

கல்லூரித் தொலைநோக்கி எங்கள் தோட்டத்துக்கு லாரியில் வந்தது, புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே. சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் சேலத்திலிருந்து ஏற்றி வந்து இறக்கிவிட்டார். ஆளை விட நீளமான அந்த வெள்ளைக் குழாயைச் சாக்கு விரித்துக் கிடத்தியபோது, மாமனார் மாட்டுத் தொழுவத்து ஓரம் நின்று பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இவ்வளவு நீளக் கொழாய வெச்சு என்னத்தப் பாப்பாங்களோ, தெரியல" என்றார். கேள்வி எனக்குத்தான். காளைக்கும் அது தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. கோபம் ஒன்றும் கிடையாது, அது மரியாதை. அவர் வந்தால் நான் எழுந்து உள்ளே போவேன், நான் வந்தால் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார். சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார். மாமியார் இல்லாவிட்டால் மாடு, தூண், கிணற்று மேடு என்று எது கிடைக்கிறதோ அதனிடம் சொல்வார். "காலேஜுக்குப் போறவங்க வெறும் வயித்தோட போனா பாடம் எப்பிடி ஏறும்" என்று ஒருநாள் தூணிடம் வருத்தப்பட்டார். மறுநாளிலிருந்து நான் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறினேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவர் என்னிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை, நானும் அவரிடம் பேசியதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதுவும் நட்சத்திரங்களைப் பற்றித்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். எனக்கு வழிகாட்டச் சம்மதித்த பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க கல்லூரித் தொலைநோக்கி நிலாவைக் காட்டும், சனிக்கிரகத்தைக் காட்டும். தூரத்து நெபுலாவைப் படம் எடுக்க லாயக்கான்னு சோதிச்சுப் படத்தோட வாங்க. லாயக்குன்னா அதையே தலைப்பா வெச்சுக்கலாம், இல்லேன்னா வேற பார்ப்போம்" என்றார். பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொலைநோக்கியைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்குள் நிலா இல்லாத இரவு என்று இருந்தது தை அமாவாசை மட்டுமே. என் ஆசை முழுவதும் அந்த ஒரு இரவில் தொங்கியது.

மாமியாருக்கு மனசே இல்லை. "அமாவாசையும் அதுவுமா, பொம்பளப்புள்ள தனியாக் காட்டுக்குள்ள நிக்கறதா?" என்றார். கணவர் மேட்டூரில் கம்பெனி வேலை, அன்று மாலை ஷிஃப்ட். போக முடியாமல் ஆகிவிடுமோ என்று சமையலறையில் நின்று கலங்கினேன். வெளியே மாமனாரின் குரல் கேட்டது. "நெறஞ்ச அமாவாசை. நல்ல காரியம் ஆரம்பிக்க அதைய விட நல்ல நாளு உண்டா? போய்ட்டு வரட்டும்." நான் நல்ல நாள் பார்த்துத்தான் அமாவாசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அனுமதி கிடைத்தால் போதாதா?

பொழுது சாய்ந்ததும் எங்கள் காட்டில், நிலக்கடலை பிடுங்கிய வெற்று நிலத்தில் குழாயை நிறுத்தி, கண் வைக்கும் இடத்தில் கேமராவைப் பொருத்தினேன். எங்கள் பக்கம் மூணு வெள்ளி என்பார்களே, அந்த மூன்று நட்சத்திரங்களுக்கு அருகில் ஒரு சின்னப் புகைத்திட்டு உண்டு. அதுதான் ஓரியன் நெபுலா. அதன் வெளிச்சம் அவ்வளவு மங்கல் என்பதால் ஃபிலிமை முக்கால் மணி நேரம் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். கூடவே கட்டியிருந்த சின்னக் குழாயில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியின் மேல் நிறுத்தி, அது விலக விலக ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணையும் எடுக்கக் கூடாது, கையையும் எடுக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாதி நேரம் தாண்டியிருக்கும். பின்பக்கம் உஸ்ஸென்று ஒரு சத்தம். ஓரக்கண்ணில் வரப்பு பளீரென்று வெளுத்தது. மாமனார் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நல்ல காரியத்தை மருமகள் விளக்கில்லாமல் ஆரம்பித்துவிட்டாள் என்று அவருக்குத் தாங்கவில்லை. எதிர்த் தோட்டத்துக்காரர் வீட்டில் இரவல் வாங்கி, தானே பற்ற வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். அந்த வெளிச்சம் குழாயின் வாய்க்குள் விழுந்தால் படம் வெளுத்துப்போகும். இடையில் சொல்ல மாமியார் இல்லை, மாடு இல்லை, ஒரு தூண்கூட இல்லை. திருகை விட்டு ஓடவும் முடியாது.

"மாமா, வெளக்க அணைச்சிருங்க" என்றேன்.

என் குரல் எனக்கே வேற்றாள் குரல் போலக் கேட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து காற்றைத் திறந்துவிட்டார். சீறல் அடங்கி விளக்கு அணைந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் கிணற்றுப் பக்கம் போனது. மோட்டார் ரூம் வாசலில் எப்போதும் எரியும் பல்பும் அணைந்தது. திரும்பி வந்து, எனக்குப் பத்தடி தள்ளி, இருட்டில் நின்றுகொண்டார். நான் படத்தை முடிக்கும் வரை அவர் இருமக்கூட இல்லை. கண்ணில் நீர் முட்டியது. நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்ததால் அழுகையை அடக்கிக்கொண்டேன்.

மறுநாளே சேலம் போய் ஃபிலிமைக் கழுவினேன். நடுவில் நெபுலா விழுந்திருந்தது, ஊதிவிட்ட சாம்பல் போல. ஆனால் பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் பஞ்சு வைத்த மாதிரி உப்பியிருந்தன, ஓரத்தில் இருந்தவை எள்ளாக நீண்டிருந்தன. ஒரு மூலை மட்டும் பெட்ரோமாக்ஸ் புண்ணியத்தில் லேசாக வெளுத்திருந்தது. குறை லென்ஸில்தான். அதில் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊதா வெளிச்சத்தை ஃபிலிம் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயும் அதிக நீளம், மங்கலான பொருளுக்கு ஒத்துவராது. நிலாவுக்கு நல்லது, நெபுலாவுக்கு ஆகாது என்று உள்ளது உள்ளபடி பேராசிரியரிடம் சொன்னேன். தலைப்பு கைவிட்டுப் போனது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போகவில்லை.

"என்ற வெளக்குனாலதான் கெட்டுப்போச்சா, அம்மிணி?"

அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. ராத்திரி முழுவதும் அவர் தூங்கவில்லை என்று மாமியார் பிறகு சொன்னார். படத்தை எடுத்து நீட்டி, "வெளக்கு பட்டது இந்த மூலை மட்டுந்தானுங்க மாமா. மத்ததெல்லாம் கண்ணாடியோட கோளாறு" என்று காட்டினேன். வெயிலில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மூலையையும் பார்த்தார், உப்பிய நட்சத்திரங்களையும் பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் தீர்ந்த பிறகு கேட்டார்:

"கொழாயி போனாப் போவுது. நம்ம காட்டு இருட்டு எப்படி இருந்துச்சு?"

"இப்படி இருட்டு எங்கயும் கெடைக்காதுங்க மாமா."

"அப்ப வேற கொழாயி வரட்டும், சாமி" என்றார்.

வேறு குழாய் வரவில்லை. படிகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினேன், பிள்ளைகள் பிறந்தார்கள், சேலத்துக்கே குடி போனோம். இப்போது என் மகன் வைத்திருக்கும் தொலைநோக்கி கைப்பைக்குள் அடங்கிவிடும், நட்சத்திரங்கள் ஊசி குத்திய மாதிரி விழுகின்றன. எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கோழிப்பண்ணை விளக்குகள், அந்தப்பக்கம் நெடுஞ்சாலை. அங்கே படமெடுக்க முடியாது என்று அவன் மலைக்குப் போகிறான்.

மாமனார் காலமான பிறகு, எண்பதுகளின் கடைசியில், எதிர்த் தோட்டத்துக்காரர் துக்கம் கேட்க வந்தார். பேச்சுவாக்கில் மாமியாரிடம், "ஏனுங்க, அமாவாசை வந்தா மட்டும் உங்க மோட்டார் ரூம்பு லைட்ட எதுக்குங்க அணைச்சுப் போடுவாரு? இத்தன வருசமாக் கேக்கோணும்னு இருந்தனுங்க" என்றார்.

மாமியார் என் பக்கம் கையைக் காட்டினார்.