ஒஸ்லோ நேரம்

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். ஒஸ்லோவில் வேலை போய், லண்டனில் ஏதாவது கிடைக்குமா என்று புறப்பட்டவன், பஸ் மாறுவதற்காக விடியற்காலையில் ஒரு சிறிய ஆங்கில ஊரில் இறங்கினேன். கடைகள் திறக்கவில்லை. மழை தூறியது.

என்னோடு இறங்கியவர் ஒருவர்தான். ஒஸ்லோவில் புருசெத் பக்கம் இருப்பவர், நரைத்த மீசை, விமானத்தில் பழக்கம். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து பாண் பொதியைப் பிரிப்பார், பார்ப்பார், மறுபடி மடிப்பார். மூன்றாம் தரம் என்னிடம் நீட்டினார்.

“நீர் சாப்பிடும் தம்பி. எனக்கு இறங்காது.”

முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் பட்டினி. வாங்கிச் சாப்பிட்டேன்.

எதிரே அவருடைய தங்கை வீடு. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து எட்டு மணிக்கு வருவாளாம். வன்னியில் இருந்த அவளுடைய மகன் ஷெல் விழுந்து இறந்துபோனான். செய்தி இவருக்குத்தான் வந்தது.

“போனிலை சொல்லுற விசயமே இது?” என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “எட்டாச்சு.”

“அண்ணை, அது ஒஸ்லோ நேரம். இஞ்சை இப்பதான் ஏழு.”

அவர் முகம் இளகியது. “அப்ப அவளுக்குப் பெடியன் இன்னும் ஒரு மணித்தியாலம் உயிரோடை இருக்கிறான்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு ஒரு பெண் நனைந்தபடி வந்து அந்தக் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. என் பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறி யன்னலால் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.