சிப்பி கட்டிய கை

யுத்த காலத்தில் பிறந்தவள் என் மூத்த மகள். ஆறு மாதம் ஆகியும் வலது கை விரியவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியபடியே கிடந்தது. தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பெண் பிள்ளையின் குறை ஊர் வாயில் விழக்கூடாதென்று அந்தக் கையைத் துணியில் சுற்றி மறைத்தோம். வீட்டார் சுற்றினார்கள் என்று எழுத ஆசைதான். சுற்றியது நான். அந்தக் குற்றம் இன்னும் சுடுகிறது.

ஒருநாள் குளிப்பாட்டும்போது கவனித்தேன். இடது கை தண்ணீரை அடி அடியென்று அடித்தது. வலது கை சும்மா கிடந்தது. அது எதற்கு அசைய வேண்டும்? நாங்கள்தான் அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லையே! அன்றைக்கே துணியை இடது கைக்கு மாற்றிக் கட்டினேன். கடற்கரையில் பொறுக்கிய முத்துச்சிப்பி ஓடுகள் இரண்டை விளிம்பு தேய்த்து, கோத்து, வலது மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கை அசைந்தால் சத்தம் வரும்.

என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். பார்த்ததும் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏளா, நல்லா இருக்க கையயும் கெட்டிப்போட்டு முடமாக்கப் பாக்கியா? நீயெல்லாம் ஒரு தாயா?"

"தாயா இருக்கப்போயித்தான் கெட்டுதேன், மதினி."

தினமும் காலையில், துறைமுகத்துச் சங்கு ஊதும்வரை கட்டு. எட்டும் தூரத்தில் ஒரு துண்டு கருப்பட்டி. பிள்ளை அழுவாள், நானும் அழுவேன், கட்டை மட்டும் அவிழ்க்க மாட்டேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

பேரன் பிறந்த பிறகு ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். கை அசைய அசையத்தான் பச்சைப்பிள்ளையின் மூளைக்குள் அந்தக் கைக்கான பாதை உறுதிப்படுமாம். அந்த வயதில் புழங்காத பாதை தூர்ந்துவிடுமாம். அன்றைக்கே யாராவது வந்து இதை மதினியிடம் சொல்லியிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

ஏழாவது வாரம், குனிந்து துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். சிப்பி கலகலத்தது. கோபத்தில் முகம் சிவந்த பிள்ளை, வலது கையால் என் தாலியைப் பிடித்து இழுத்தாள். மதினி அலறினார்.

"ஐயோ, தாலி அறுந்துரும்! வெரல விலக்குளா!"

தாலியில் ஒரு முடிச்சு தளர்ந்தாலே பதறுகிற வீடு அது. நானும் பதறுகிறவள்தான்.

"அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும், மதினி. அவ கைய யாரும் தொடக்கூடாது."

கழுத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தாழ்த்திக் கொடுத்தேன்.