அவள் பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் போர்டு

பூதப்பாண்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு சின்னப் பெயர் உண்டு. வண்ணச் சாக்பீஸால் கரும்பலகையில் படம் வரைவேன். ஒருமுறை நான் வரைந்த இதயத்தை அழிக்க மனமில்லாமல் கணக்கு சார் ஒரு வாரம் பலகையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். பயிற்சிக் கூட்டங்களில், "படம் வரையுத டீச்சர் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் தாமதமாகப் போனதுண்டு.

என் தோழி அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் அதே பாடம் எடுத்தாள். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவளுக்குப் படம் வராது. அவள் வரைந்த இதயம் கொல்லாம்பழம் மாதிரி, அதாவது முந்திரிப்பழம் மாதிரி இருக்கும். அவளுடைய பதிவேட்டில் பாதிப் படங்கள் நான் போட்டவை. வேலை கிடைத்த பிறகும் பயிற்சி நாட்களில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, சேர்ந்து காபி குடித்துவிட்டுத்தான் பிரிவோம்.

மாவட்டத்தில் சில அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்க அரசு பணம் ஒதுக்கியிருப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. தொட்டால் எழுதும், விரலால் இழுத்தால் படம் நகரும் பெரிய வெள்ளைப் பலகை அது. பணம் எல்லாப் பள்ளிக்கும் காணாது, விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

"ஏட்டி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்லா. எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தா மக்கா" என்று அவள் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாள்.

அடித்துக் கொடுத்தேன். அவள் எழுதித் தந்ததில் ஒரு நல்ல பத்தி இருந்தது. அவள் வகுப்பில் பார்வை மங்கிய இரண்டு பிள்ளைகளைப் பற்றியது. பக்கம் நீண்டுவிட்டது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அதை விட்டுவிட்டேன். என் விண்ணப்பத்தில் எதையும் விடவில்லை. எங்களுக்குக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பலகையின் கையேட்டைக்கூட அச்செடுத்து முழுக்கப் படித்தேன்.

பட்டியலில் அவள் பள்ளி இருந்தது. எங்கள் பள்ளி இல்லை.

"நம்மளுது ஓட்டுக் கட்டடம்லா டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியர். "மழைக்கு ஒழுகும். அவங்களுக்கு கான்கிரீட் ரூம் இருக்கு. ஊர்க்காரங்க கம்பிக் கதவும் போட்டுக் குடுத்திருக்காங்க. நியாயம்தானே."

நியாயம்தான். அநியாயமாக இருந்திருந்தால் யாரையாவது திட்டியாவது ஆறியிருப்பேன். அன்று மாலை அவள் போன் செய்தாள். "எல்லாம் நீ அடிச்ச லெட்டராக்கும்" என்று சிரித்தாள். கொள்ளாம், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறதென்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவள் பள்ளிக்குப் பலகை வந்ததும் அதைப் பார்க்க மற்றப் பள்ளி ஆசிரியர்களை அழைத்தார்கள். நானும் போனேன். சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிய அறையில் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அவள் விரல் வைத்தாள். ஓர் இதயம் வந்தது. அது துடித்தது. மறுபடி தொட்டாள். இரண்டாகத் திறந்து நான்கு அறைகளும் தெரிந்தன. ரத்தம் நீலமாக உள்ளே போய் சிவப்பாக வெளியே வந்தது. ஒரு சிறுமியைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை வால்வைத் தொட்டு மூடித் திறந்து காட்டியது.

நான் வரைந்தால் ஒரு பாடவேளை முழுக்க ஆகும். அது துடிக்கவும் துடிக்காது. கொல்லாம்பழம் வரைந்தவள் ஒரு விரலால் அதைத் துடிக்க வைத்துவிட்டாள். அன்றைக்கு என்னைப் பார்த்து யாரும் படம் வரைகிற டீச்சர் என்று சொல்லவில்லை. எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடி, "சாப்பிட்டுட்டுதான் போணும்" என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"ஏட்டி, இந்த போர்டு சவம் தொட்ட எடத்துல எழுத மாட்டேங்கு. ஒரு சாண் தள்ளி எழுதுகு. என்ன செய்யணும்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். பலகையில் படத்தை வீசும் புரொஜெக்டர் லேசாக அசைந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை கொடுத்தால் பலகையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும். அவற்றை வரிசையாகத் தொட்டால் சரியாகிவிடும். கையேட்டில் அந்தப் பக்கத்தில் நான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

"எனக்கென்ன தெரியும்? எங்க ஸ்கூல்ல போர்டா இருக்கு?" என்றேன். "கம்பெனிக்காரனைக் கூப்பிடு."

கம்பெனிக்காரன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தான். நான்காவது வாரம் பார்வையிட ஓர் அதிகாரி வந்துவிட்டார். பலகை மேல் துணி கிடந்தது. அரசுப் பணத்தை வாங்கிப் போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே என்று பிள்ளைகள் முன்னாலேயே அவளைக் கேட்டிருக்கிறார். இதை அவளே அடுத்த பயிற்சி நாளில் வடசேரியில் வைத்துச் சொன்னாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. "நான் படிச்சு என்ன பிரயோசனம் மக்கா, ஒரு மிஷினத் தெரியல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அப்படி அவமானப்பட்டதைக் கேட்டபோது முதலில் எனக்குள் ஒரு சின்ன நிறைவு வந்தது. அதைக் கண்டுதான் எனக்கே பயமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அஞ்சுகிராமத்துக்கு பஸ் ஏறினேன். அவள் வீட்டிலிருந்து சாவி எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். நான் துணியை எடுத்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, புள்ளிகளைத் தொட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தொட்ட இடத்தில் எழுதியது.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எப்பம் படிச்ச?"

பொய் சொல்லத் தோன்றியது. நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"நீ போன் பண்ணும்போதே தெரியும்" என்றேன். "பொறாமைட்டி. வேற ஒண்ணுமில்ல."

விண்ணப்பத்தில் விட்ட பத்தியையும் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்து, துணியைப் போட்டு, கம்பிக் கதவைப் பூட்டினாள். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பஸ் வந்தபோது, "பிள்ளைகளுக்கு முன்னாலயாக்கும் கேட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு ஆறேழு மாதம் பேச்சில்லை. பயிற்சி நாட்களில் நேராக பஸ் ஏறிப் போய்விடுவாள்.

அடுத்த கல்வியாண்டில் அவள் பள்ளித் தலைமை ஆசிரியரிடமிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் அனுப்பினால் பலகையில் பாடம் எடுக்கலாம் என்று. யார் சொல்லி எழுதியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வேன் பிடித்துக் கூட்டிப் போனேன். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பிள்ளைகள் மதியத்துக்குள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். என்னிடம் வாய் திறக்காத ஒரு பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சந்தேகம் கேட்டாள். திரும்பும்போது வேன் முழுக்க "அந்த டீச்சர், அந்த டீச்சர்" என்றுதான் பேச்சு. நான் முன் சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்பு வாங்கிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

எங்களுக்குப் புதுக் கட்டடம் எழும்பி, பலகை வந்து சேர இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. ஆட்கள் அதைச் சுவரில் பொருத்திக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் போன் செய்தேன்.

"வந்தாச்சா? கொள்ளாமே" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்களுதுக்காட்டிலும் பெருசா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பெருசு. புது மாடலாக்கும். புரொஜெக்டரே வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகுதான் "சரி சரி, நல்லா இருக்கட்டும்" என்றாள். அந்த ஒரு நொடியை நான் நன்றாகவே கேட்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அன்று முழுவதும் எனக்கு அது இனித்துக்கொண்டிருந்தது.